ஹைகேட் முருகன் கோயில் அருகே ஒரு பழங்காடு

குன்றைக் கண்டால் குமரனை நினைப்பது தமிழர் மரபு. லண்டன் மாநகரின் வடபகுதியில் உள்ள ஹைகேட்டும் ஒரு குன்றுதான். அங்கே ஆர்ச்வே சாலையில் ஹைகேட் ஹில் முருகன் ஆலயம் அமைந்துள்ளது. மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சென்று சில மாதங்கள் தங்கிவரும் பெற்றோர் பலரும் கிருத்திகை, சஷ்டி நாள்களில் அவ்வாலயத்தைத் தரிசித்திருப்பார்கள். ஆனால் அங்கிருந்து நடந்தே போகும் தொலைவில், ஹைகேட் சுரங்க ரயில் நிலையத்தைக் கடந்ததும், மஸ்வெல் ஹில் சாலையின் இருபுறமும் இரண்டு பழங்காடுகள் நிற்பதை அவர்களில் கவனித்தவர் சிலரே. ஒன்று ஹைகேட் வுட். பரப்பு சுமார் 70 ஏக்கர். எதிர்ப்புறம் இருப்பது குவீன்ஸ் வுட். அது சுமார் 52 ஏக்கர். பார்வைக்குப் பூங்கா போலத் தோன்றினாலும் இவை யாரும் நட்டு உருவாக்கியவை அல்ல. மிடில்செக்ஸ் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் பரந்திருந்த பெருங்காட்டின் எச்சங்கள் இவை.

இங்கிலாந்தில் ஒரு காட்டைப் ‘பழங்காடு’ என்று ஏற்பதற்குக் காலவரையறை உண்டு. 1600ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அந்த நிலம் இடையறாது காடாகவே இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் அங்கே அரிது. ஆகவே அந்த ஆண்டில் காடாக இருந்த நிலம் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காடாக இருந்திருக்கும் என்பது கணக்கு. இத்தகைய காடு இன்று பிரிட்டனின் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு மட்டுமே. அதிலும் ஒரு பகுதி தலைநகரின் நடுவே வீடுகளுக்கு இடையில் பிழைத்திருப்பது வியப்புக்குரியது.

காட்டின் வயதைச் சொல்லச் சாசனங்கள் மட்டுமின்றிச் செடிகளும் சாட்சி நிற்கின்றன. வசந்த காலத்தில் தரையோடு தரையாகப் பூக்கும் வுட் அனிமோனி என்னும் சிறிய வெண்மலர் அவற்றுள் ஒன்று. விதையால் அது பரவுவது அரிது. இஞ்சியும் மஞ்சளும் போல மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டின் மூலமே படரும். நூறு ஆண்டுகளில் அது நகரும் தூரம் சுமார் ஆறு அடி என்கிறார்கள். ஓரிடத்தில் அம்மலர் கம்பளம் விரித்தாற்போல் பூத்திருந்தால், அந்த மண் எத்தனை தலைமுறையாகக் கலைக்கப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். வைல்ட் சர்வீஸ் என்னும் மரமும் இவ்விரு காடுகளிலும் காணப்படும் பழமையின் அடையாளமே.

ஆனால் பழங்காடு என்றதும் மனிதக் கை படாத காடு என்று நினைத்துவிடக் கூடாது. ஹைகேட் வுட் காட்டுக்குள் ரோமானியர் காலத்துக் குயவர்கள் மட்பாண்டம் வனைந்து சூளை வைத்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அச்சூளைகளை 1960களிலும் 70களிலும் நடந்த அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. பிற்காலத்தில் இக்காடு லண்டன் பிஷப்பின் உடைமையாயிற்று. நம் வழக்கில் சொன்னால் தேவஸ்தானச் சொத்து. வேட்டைக்காடாக இருந்த அது, பின்னர் குத்தகைக்கு விடப்பட்டது.

குத்தகைதாரர்கள் காட்டை அழிக்கவில்லை. பயிர் போல வளர்த்து அறுத்தார்கள். ஹார்ன்பீம் என்னும் மரம் இங்கே மிகுதி. வைரம் பாய்ந்த மரம். நுகத்தடிக்கும் ஆலைச் சக்கரப் பற்களுக்கும் உகந்தது. விறகாகவும் கரியாகவும் நின்று எரியும். அதைத் தரையை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் ஒருசேரத் துளிர்த்தெழும். கரும்பில் மறுதாம்பு விடுவது போன்ற முறை. ஆங்கிலத்தில் காப்பிசிங் என்பர். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் வெட்டலாம். காட்டைப் பல பிரிவுகளாக்கி, ஆண்டுக்கு ஒரு பிரிவை வெட்டி, மற்றவற்றை வளரவிட்டார்கள். இடையிடையே ஓக் மரங்களை மட்டும் வெட்டாமல் ஓங்கி வளரவிட்டு, கட்டடங்களுக்கும் கப்பல்களுக்கும் பயன்படுத்தினார்கள். வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் கை வைக்காத சேமிப்பு அது. முறையாக வெட்டப்படும் ஹார்ன்பீம் அடிக்கட்டை, வெட்டப்படாத மரத்தைக் காட்டிலும் நெடுங்காலம் உயிர்வாழும் என்பது கூடுதல் அதிசயம்.

நிலக்கரியும் ரயிலும் வந்தபின் விறகுக்கு மதிப்புக் குறைந்தது. அதே நேரத்தில் லண்டன் வடக்கு நோக்கி வளர்ந்தது. காடாக இருப்பதைவிட வீட்டுமனையாக விற்றால் பன்மடங்கு விலை என்ற நிலை வந்தது. அப்போது ஹார்ன்சி பகுதி மக்கள் குரல் எழுப்பினர். அவர்களுக்கு முன்னின்றவர் ஹென்றி ரீடர் வில்லியம்ஸ் என்னும் வணிகர். 1886இல் திருச்சபையின் சொத்து ஆணையம் காட்டைச் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் என்னும் பழம்பெரும் நகராட்சி அமைப்பிடம் ஒப்படைத்தது. என்றென்றும் பொதுமக்களுக்கே உரியது என்று அறிவிக்கப்பட்டு, ‘கிராவல்பிட் வுட்’ என்ற பழைய பெயர் நீங்கி, அது ஹைகேட் வுட் ஆயிற்று. சாலைக்கு எதிர்ப்புறக் காட்டின் பெயர் ‘சர்ச்யார்ட் பாட்டம் வுட்’. கொள்ளைநோயில் மாண்டோரைப் புதைத்த இடம் என்று அது குறித்து ஒரு செவிவழிச் செய்தி உலவுகிறது. அதை 1898இல் ஹார்ன்சி நகர்ப்புற மன்றம் விலைக்கு வாங்கி, விக்டோரியா அரசியாரைச் சிறப்பிக்கும் வகையில் குவீன்ஸ் வுட் என்று பெயரிட்டது. வில்லியம்ஸின் தொண்டைப் போற்றி அருகிலுள்ள கிரவுச் எண்ட் பகுதியில் 1895இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது.

விற்பனையிலிருந்து காடு தப்பியது. அன்பிலிருந்து தப்புவதுதான் கடினமாக இருந்தது.

மக்களுக்குரிய இடம் என்று ஆனபின் அதைப் பூங்காவாகவே பாவித்தார்கள். அடிமரத்தை வெட்டும் பழைய முறை கைவிடப்பட்டது. விழுந்த மரங்களையும் பட்ட கிளைகளையும் குப்பை என்று அப்புறப்படுத்தினார்கள். தார்ப் பாதைகள் போட்டார்கள். அழகுக்காக அயல்நாட்டு ஊசியிலை மரங்களையும் நட்டார்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்தவையே. வெட்டப்படாத ஹார்ன்பீம் மரங்களோ கிளை பருத்து, உயர்ந்து, தலைக்கு மேல் கூரை வேய்ந்துவிட்டன. கீழே எப்போதும் பசுமையாக இருக்கும் ஹாலி என்னும் முட்செடி அடர்ந்து, எஞ்சிய வெளிச்சத்தையும் மறைத்தது. வெயில் படாத தரையில் பூச்செடிகள் மறைந்தன, இளங்கன்றுகள் தலைதூக்கவில்லை. முதியவர்கள் மட்டும் வாழும் வீடு போல, பெரிய மரங்களைத் தவிர அடுத்த தலைமுறை இல்லாத காடாயிற்று அது.

இதோடு காலடிகளும் சேர்ந்தன. காற்று வாங்க வருவோர், குழந்தைகள், நாய்கள் என்று ஆண்டு முழுதும் ஓயாத நடமாட்டம். மிதிபட்ட களிமண் இறுகினால் நீரும் காற்றும் வேருக்கு இறங்குவதில்லை. புளூபெல் என்னும் நீலமலரின் இலை ஒருமுறை மிதிபட்டு நசுங்கினால் அந்த ஆண்டு அதனால் கிழங்குக்கு உணவு சேர்க்க இயலாது. விதையிலிருந்து ஒரு செடி பூக்கும் நிலைக்கு வரவே ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். பாதையை விட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொள்பவருக்கு இது தெரியாது; அவர் பூவை நேசித்துத்தான் அங்கே இறங்குகிறார்.

1960களின் இறுதியில் இயற்கை ஆர்வலர்கள் இதைச் சுட்டிக்காட்டத் தொடங்கினர். அதன்பின் நிர்வாகம் மெல்ல வழி மாறியது. காட்டின் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து வேலியிட்டு, மனிதர் புகாதபடி மூடினார்கள். குளிர்காலத்தில், பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன், அங்குள்ள ஹார்ன்பீம் மரங்களைப் பழைய முறைப்படி அடியில் வெட்டினார்கள். வெயில் தரையைத் தொட்டதும், பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிய விதைகள் விழித்து முளைத்தன. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பகுதி. இப்படிச் சுழற்சி முறையில் பணி தொடர்கிறது. விழுந்த மரங்கள் இப்போது விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. காளான்களுக்கும் வண்டுகளுக்கும் அவையே உணவு. அவ்வண்டுகளை நம்பி மரங்கொத்திகள். ஏழு வகை வௌவால்களும் சுமார் 70 வகைப் பறவைகளும் ஹைகேட் வுட் காட்டில் பதிவாகியுள்ளன. ஹேரிங்கே நகர மன்றத்தின் பொறுப்பிலுள்ள குவீன்ஸ் வுட் காட்டில் ஹாலியைக் குறைப்பது, வேலி பின்னுவது போன்ற பணிகளில் உள்ளூர்த் தன்னார்வலர்களும் கைகொடுக்கிறார்கள்.

காட்டில் ரம்பத்தின் ஒலி கேட்டால் மனம் பதைப்பது இயல்பு. பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வெட்டுகிறார்களே என்று அங்கேயும் கேட்பவர்கள் உண்டு. வேலியைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. கோயில் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கலாகாது என்று வளர்ந்த நமக்கு இது இன்னும் உறுத்தும். ஐயனார் காவலிலும் அம்மன் காவலிலும் இருந்த நம் காடுகளை அந்த அச்சமே நூற்றாண்டுக் கணக்கில் காத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தடை மரத்துக்கு மட்டுமன்று. அகால வேளையில் நுழையாதே, செருப்போடு நுழையாதே, விழாவன்றி உள்ளே போகாதே என்று மனிதனின் காலுக்கும் அது வேலியிட்டிருந்தது. இன்று பல கோயில் காடுகளில் கோடரி விழுவதில்லை. மாறாக வாகன நிறுத்தம், சிமெண்ட் தளம், சமையல் கொட்டகை என்று காட்டின் தரை சுருங்கி வருகிறது. ஹார்ன்பீம் வெட்டைத் தழைத்தே பழகிய மரம். நம் காட்டு மரங்கள் அனைத்துக்கும் அதே வைத்தியம் பொருந்தாது. வேலி மட்டும் இரு நாட்டுக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

புதிய சோதனைகளும் வந்துள்ளன. ஓக் இலைகளைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சி 2006 வாக்கில் லண்டனில் காணப்பட்டுப் பரவியது. அதன் புழுவின் ரோமம் பட்டால் தோல் தடிக்கும். கோடையும் முன்போல் இல்லை. மழையின்றி நீளும் ஆண்டுகளில் முதிய மரங்கள் வாடுகின்றன.

பிள்ளைகளைக் காணச் செல்வோர் ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்தால், ஆலய தரிசனம் முடித்துப் பகற்பொழுதில் ஹைகேட் வுட் காட்டுக்குச் செல்லலாம். அந்தி சாய்ந்ததும் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். நடக்க இயலாதவர்கள் அமர இருக்கைகள் உண்டு. காட்டின் நடுவே கிரிக்கெட் ஆடும் திறந்த வெளியும் சிற்றுண்டிச் சாலையும் உள்ளன. குவீன்ஸ் வுட் மேடுபள்ளம் மிக்கது. கைத்தடி ஊன்றுவோர் துணையோடு செல்வது நலம். வேலியிட்ட பகுதியின் ஓரமாக நின்று பார்த்தால், வெட்டிய அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு இளங்கொம்புகள் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்பதைக் காணலாம்.