பொறுமைக்கும் ஒரு வேதிப்பொருள்

“பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. பொறுமையை மனத்தின் குணம் என்றே நாம் கருதி வருகிறோம். ஆனால் காத்திருக்கும் ஆற்றலுக்குத் துணை செய்யும் ஒரு வேதிப்பொருள் மூளையில் உண்டு என்று அறிவியல் கூறுகிறது. அதன் பெயர் செரோடோனின்.

கண்டறிந்த வரலாறு

1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் மாட்டு இரத்தத்தின் சீரத்திலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதைக் கண்டு அதற்கேற்பப் பெயரிட்டனர். 1953-இல் பெட்டி டிவாராக் என்ற பெண் விஞ்ஞானி, பேஜுடன் சேர்ந்து, இது மூளையிலும் உள்ளதென்று காட்டினார்.

உடலிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது சிறு பங்கே. வாழைப்பழத்திலும் செரோடோனின் உண்டு. ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. மூளைத்தண்டின் நடுவே உள்ள ராஃபே என்னும் நரம்புச் செல் தொகுதிகளே இதைச் செய்து, மூளையின் பல பகுதிகளுக்கும் அனுப்புகின்றன.

நம் நாட்டு மூலிகை

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப் பிரமைக்குக் கொடுத்து வந்தனர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற மருத்துவர்கள் இதன் பயனை எழுதி வெளியிட்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தனர். அது மூளையின் செரோடோனின் சேமிப்பைக் காலி செய்துவிடுகிறது என்பது 1955-இல் தெரிய வந்தது.

ரெசர்பின் கொடுக்கப்பட்ட முயல் அசைவற்றுக் கிடக்கும். செரோடோனின் குறைந்ததே இதற்குக் காரணமா? 1957-இல் சுவீடனின் கார்ல்சன் சோதித்துப் பார்த்தார். செரோடோனினாக மாறும் பொருளைக் கொடுத்தபோது முயல் எழவில்லை. டோபமீனாக மாறும் பொருளைக் கொடுத்ததும் எழுந்து ஓடியது! உயிரை எழுப்பிச் செயலில் ஈடுபடுத்துவதில் டோபமீனுக்கு முக்கியப் பங்குண்டு என்பது இதனால் விளங்கிற்று. அப்படியானால் செரோடோனினுக்கு என்ன வேலை?

காத்திருந்த எலிகள்

இதற்கு ஒரு விடை ஜப்பானின் ஒகினாவாவில் கிடைத்தது. அங்குள்ள விஞ்ஞானிகள், ஒளி பட்டால் ராஃபே செல்கள் செரோடோனினைச் சுரக்கும்படி எலிகளை உருவாக்கினர். ஒரு துளையில் மூக்கை வைத்துக் காத்திருந்தால் எலிக்கு உணவு கிடைக்கும். ஒளி பாய்ச்சியபோது எலிகள் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தன. இது 2014-இல் வெளியான முடிவு.

2018-இல் அவர்களே மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். நான்கு முறைக்கு மூன்று முறை உணவு கிடைக்கும் நிலையில்தான் செரோடோனின் பொறுமையைக் கூட்டியது. கிடைப்பதும் கிடைக்காததும் சரிபாதி என்ற நிலையில், ஒளி பாய்ச்சியும் எலி கூடுதலாகக் காத்திருக்கவில்லை. அதாவது, நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் இந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது.

நாம் அறிய வேண்டுவது

எலியிடம் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிச் சொல்வது அவசரமாகும். ஆயினும் சிந்திக்க இடமுண்டு. பனமலை ஏரி நிறைந்திருந்தால் உழவர் நாற்று விட்டு அறுவடை வரை காத்திருப்பார். ஏரி வறண்டால் வேறு ஊருக்கு வேலை தேடிப் போவார். அவரைப் பொறுமையற்றவர் என்று சொல்லலாமா?

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவன் பாதியில் படிப்பை விட்டால், “ஊக்கமில்லாதவன்” என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். படித்தால் பலன் உண்டு என்று காட்ட அவன் தெருவில் ஒருவரேனும் இருந்தாரா என்று கேட்பதில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது மெய்தான். பொறுக்கச் சொல்பவர்கள், பொறுப்பதற்கான நம்பிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும்.