வீடியோ கேமும் வலிப்பும்: பொறுப்பு யாருடையது?



விடுமுறை வந்தால் பிள்ளைகளின் கையில் செல்போன்தான். "கேம் விளையாடினால் வலிப்பு வருமாமே, உண்மையா?" என்று தாய்மார்கள் சிலர் டிரஸ்ட் அலுவலகத்தில் கேட்டார்கள். அப்படி வந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து விளக்குவது நல்லது.

உண்மைதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல. வலிப்பு நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தைப் பார்த்தால் வலிப்பு வரும். வினாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம் பெரும்பாலும் இதைத் தூண்டுகிறது. சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் இது அதிகம். தூக்கம் கெட்டால் ஆபத்து கூடும். முதல்முறை வரும்வரை தமக்கு இது உண்டு என்றே பலருக்குத் தெரியாது.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பான் தொலைக்காட்சியில் 'போக்கிமான்' கார்ட்டூன் ஓடியது. அதில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய ஒரு காட்சி சில வினாடிகளே வந்தது. அன்று 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். தொடர் சுமார் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கேமை விளையாடிப் பார்த்த ஒரு பத்திரிகையாளருக்கு வலிப்பு வந்தது. அவர் அதை எழுதிய சில நாட்களிலேயே நிறுவனம் அந்தக் காட்சியை மாற்றியது. நினைத்தால் மாற்ற முடியும் என்பதால், முதல் பொறுப்பு தயாரிப்பவருடையதே.

நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. போதிய எச்சரிக்கை இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் 2 ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மார்க்கச் சட்டத்திலும் குறையை மறைத்து விற்பது ஹராம்; குறை தெரிய வந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

எச்சரிக்கை இருந்தும் நாம் வாசிக்காவிட்டால்? பல கேம்களில் வலிப்பு பற்றிய எச்சரிக்கை தொடக்கத்திலேயே வருகிறது. அதைத் தள்ளிவிட்டு 'சரி' என்று அழுத்துவது பத்து வயதுப் பிள்ளை. பாலிக் ஆகாத பிள்ளையின் சம்மதம் ஒப்பந்தமாகாது. அந்த இடத்தில் பொறுப்பாளி வாப்பாவும் உம்மாவும்தான். பேரப்பிள்ளை கேட்டதும் படிக்காமலே அழுத்திக் கொடுத்தவன் நானும்தான். ஆகவே இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை இவை. விளக்கைப் போட்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து விளையாடட்டும். அடிக்கடி இடைவேளை விடட்டும். இரவு விழித்து விளையாட விடாதீர்கள். கண் கூசி, ஒரு மாதிரி இருப்பதாகப் பிள்ளை சொன்னால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி, முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள். அதனால் பயன் இல்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாணம் தடைபடும் என்று பயந்து வலிப்பை மறைக்கிறோம். ஜின் தீண்டியது என்று ஓதிப்பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் துஆ கேட்டு வந்தபோது, அவர்கள் அவரை இழிவாகப் பார்க்கவில்லை. பொறுமைக்குச் சொர்க்கத்தை நன்மாராயமாகச் சொன்னார்கள். துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

— செயலாளர்