வெயில் கூடினால் மின்சாரமும் கூடுமா?

பாப்பிரெட்டிப்பட்டி பகுதியில் வாணியாறு பாசனம் எட்டாத நிலங்களில் மஞ்சளும் மரவள்ளியும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே நிற்கின்றன. மின் இணைப்புக்குக் காத்திருக்கும் விவசாயி சோலார் பம்ப்செட் பக்கம் திரும்பினால் முதலில் எழும் கேள்வி, 'மோனோவா, பாலியா?' என்பதுதான்.

இரண்டும் சிலிக்கான்தான். ஒரே படிகமாக வளர்த்துச் சீவியது மோனோ, கருப்பாக இருக்கும். உருக்கி வார்த்து, பல படிகங்களாக உறைந்தது பாலி, நீலமாக மினுங்கும். சில்லின் ஒரு பக்கம் பாஸ்பரசும் மறுபக்கம் போரானும் துளியளவு சேர்த்திருப்பார்கள். ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்களை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் மின்புலம் ஒரே திசையில் தள்ளுகிறது. அதுவே மின்சாரம்.

விழும் ஒளி முழுவதும் மின்சாரமாகாது. அகச்சிவப்புக் கதிரில் ஒரு பகுதி வீணாகிறது, நீல ஒளியின் மிகை ஆற்றல் வெப்பமாகிறது. சிலிக்கானின் உச்சவரம்பே 29 சதவீதம் அளவுதான். 1954ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய செல்லின் திறன் 6 சதவீதம். இன்று மோனோ பேனல் 20 - 22, பாலி 15 - 17 சதவீதம்.

இந்தத் திறன் இடத்தைப் பற்றிய கணக்கு. 5 எச்.பி., பம்புக்கு 4,800 வாட் பேனல் என்றால், 20 சதவீத மோனோவுக்கு 24 சதுர மீட்டரும், 16 சதவீத பாலிக்கு 30 சதுர மீட்டரும் பேனல் பரப்பு வேண்டும். வாட் ஒன்றுதான், தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். 'மோனோ போட்டால் இருமடங்கு தண்ணீர்' என்பது வெறும் விற்பனைப் பேச்சு.

கேட்க வேண்டியது வேறு. பேனலில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியத்தில் செல் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.4 சதவீதம் இழக்கும் பேனல், அப்போது 14 சதவீதத்தை விட்டுவிடும். புதிய ரக மோனோவில் இந்த இழப்பு 0.3 - 0.35 சதவீதம். விவரத்தாளில் 'டெம்பரேச்சர் கோஎபிஷியன்ட்' என்ற இடத்தைப் பாருங்கள். பேனலின் அடியில் காற்றோட்டமும் வேண்டும்.

தென்னந்தோப்புக்காரர்கள் நிழலையும் கவனிக்க வேண்டும். செல்கள் தொடராக இணைந்தவை. வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தது போல, ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தளரும்.

பிரதமரின் குசும் திட்டத்தில் தமிழகத்தில் மானியம் வழங்கப்பட்டு வந்தது; ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்கு அது கூடுதலாக இருந்தது. புதிதாகக் கிணறு தோண்டி பம்ப் வைப்போர், தங்கள் குறுவட்டத்தின் நிலத்தடி நீர் வகைப்பாட்டை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.