தேவாங்கும் வேலியும்

ஒல்லியான உடலும் பிதுங்கிய விழிகளுமாக ஒருவன் எதிரே நின்றால், அவனைத் “தேவாங்கு” என்று ஏளனம் செய்வது நம் பக்கத்துப் பேச்சு வழக்கு. அப்பெயரை வாய் கூசாமல் வழங்கும் நம்மில், அப்பிராணியை நேரிற் கண்டவர் மிகச் சிலரே ஆவர். வடமதுரை, அய்யலூர், நத்தம் பகுதிகளிலேயே பிறந்து வளர்ந்து, தலை நரைத்த பின்னும் அதனைக் காணாதவர் பலர் உள்ளனர். காரணம் எளிது. பகலெல்லாம் முட்புதரின் நடுவே சுருண்டு உறங்கி, நன்றாக இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும் உயிர் அது. நாம் அறியாமலே நம் வயல் ஓரத்தில் வாழ்ந்து வருகிறது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தமிழ்நாடு அரசினர் கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தனர். தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதற் சரணாலயம் இதுவே. கரூர் மாவட்டத்துக் கடவூர் வட்டத்திலும், நம் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் பரந்துள்ள இதன் பரப்பு 11,806 எக்டேர்; அதாவது ஏறத்தாழ 29,000 ஏக்கர். “காடும் காட்டுயிரும் வனத்துறையினர் பொறுப்பு, உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் இதில் என்ன வேலை?” என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் சரணாலயத்தின் எல்லைக்கோட்டை மனிதர் படத்திற் காண்பார்களேயன்றித் தேவாங்கு காணாது. காடு முடிந்து பட்டா நிலம் தொடங்குமிடத்தில் அதன் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. அங்கே அதற்கு வழியாகவும் வீடாகவும் இருப்பது நம் உயிர்வேலிதான். அந்த வேலியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் பிராணியின் இயல்பைச் சிறிது அறிந்து கொள்வோம். உடல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். எடை கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கை கால்கள் குச்சி போன்றவை, வால் இல்லை. குரங்கினத்தோடு உறவுடையதாயினும் குரங்கைப் போல் தாவ அறியாதது. ஒரு கிளையைப் பின்காலால் இறுகப் பற்றிக்கொண்டு, கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடித்த பிறகே முன்னதை விடும். ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கிளை இருந்தால்தான் அது மேலே செல்ல முடியும். இல்லையேல் தரையில் இறங்க வேண்டும். தரையிலோ அது தள்ளாடி நடக்கும். நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் எளிதில் இரையாகும். திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலை போன்ற அகன்ற சாலைகள் அதற்குக் கடத்தற்கரிய ஆறுகளே ஆகும்.

இனி அதன் உணவு. அன்னா நெகாரிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1997, 1998ஆம் ஆண்டுகளில் நம் அய்யலூர்க் காட்டிலேயே இரவு தோறும் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து அவற்றின் உணவையும் நடத்தையையும் ஆராய்ந்தார். அவை ஏறக்குறைய முழுவதும் பூச்சி முதலிய சிற்றுயிர்களையே உண்டு வாழ்கின்றன என்றும், அவற்றுள் எறும்பும் கறையானுமே மிகுதி என்றும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று. வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி ஆகியனவும் அதற்கு உணவே. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று விவசாயிகளுக்கு உதவும் பிராணி இது என்று அரசினர் சரணாலய அறிவிப்பின்போது எடுத்துக் கூறியதும் இதனாலேயாம். கூலியும் சோறும் கேளாமல் இரவுக் காவல் புரியும் ஆள் எனலாம். ஒரு தேவாங்கு ஒரு வயலைப் பூச்சியிலிருந்து காத்துவிடும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு மிகைப்படுத்துவது எவருக்கும் நன்மை தராது. தேவாங்கு, ஓணான், ஆந்தை, கரிச்சான், சிலந்தி, குளவி எனப் பல காவலர் வேலியில் உளர். அவருள் இதுவும் ஒன்று.

வேலி என்றதும் இன்று பலர் நினைவுக்கு வருவது கல்தூணும் கம்பியுமே. முன்னோர் வைத்த வேலி அதுவன்று. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, இடையிடையே கள்ளியும் கற்றாழையும் வைத்து, தானே முளைத்த இலந்தையையும் உடையையும் விட்டுவைத்து வளர்த்தனர். அதன்மேல் கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் படர்ந்தன. கிளுவைத் தழை ஆட்டுக்கு ஆயிற்று. கோவைக்காயும் பிரண்டையும் அடுக்களைக்கு ஆயின. காய்ந்த சுள்ளி அடுப்புக்கு ஆயிற்று. காற்றின் வேகம் வேலியிலே தணிந்தது. மழையில் கரைந்து ஓடும் மண் வேலியடியிலே தங்கிற்று. இத்தகைய வேலி காட்டோரத்திலிருந்து தோட்டம் தோட்டமாக நீண்டு செல்லும்போது, தேவாங்கு தரையைத் தொடாமலே வெகுதூரம் செல்லும். முட்கள் அடர்ந்த நடுப்பகுதியிற் சில சமயம் நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்து சுருண்டு உறங்குவதும் உண்டு.

இவ்வேலி எவ்வாறு அழிகிறது? எவரும் தேவாங்கின் மேற் பகை கொண்டு அழிப்பதில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் அளவுக்கு இடைஞ்சல் என்று வெட்டுகின்றனர். டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று ஒரு மூலையை எடுக்கின்றனர். நிலத்தை வெளியூரார் வாங்கினால் முதல் வேலையாக இயந்திரத்தை விட்டு வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டுகின்றனர். கோடையில் சருகுக்கு வைத்த தீ வேலிக்குத் தாவுகிறது. ஒவ்வொன்றும் சிறிய காரியமே. பத்தடி, இருபதடி இடைவெளியே. நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதனைப் பிணைத்த பின்னரே மேலே நெய்கிறோம்; மற்ற இழைகளெல்லாம் நன்றாய் இருக்கின்றனவே என்று விட்டுவிடுவதில்லை. தாவ அறியாத உயிருக்கு வேலியின் இடைவெளியும் அவ்வாறே.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் விளைச்சலைப் பெருக்கும் பொருட்டு அரசாங்கமே பணம் கொடுத்து உயிர்வேலிகளை அகற்றச் செய்தது. பறவைகளும் பிறவும் குறைவதைக் கண்ட பின்னர், 1997ஆம் ஆண்டில் பழைய வேலிகளை அனுமதியின்றி அகற்றலாகாது என்று விதி செய்தனர். அழித்த வேலியைத் திரும்ப நடுவதற்கு அங்கே இப்போது பொதுப்பணம் செலவாகிறது. நமக்கு அவ்விரட்டைச் செலவு வேண்டா.

உயிர்வேலியின் மேல் விவசாயிகள் கூறும் குறைகளையும் மறைத்தல் முறையன்று. வேலியோரத்து இரண்டு சால் நிழலில் விளைச்சல் குறைகிறது என்பர், உண்மையே. பாம்பு தங்கும் என்பர். அதுவும் இல்லாமற் போகாது, எலியைத் தின்பதும் அப்பாம்பே. முள் வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்பது எல்லாவற்றினும் மெய்யான குறை. இவற்றுக்கு நாம் கூறக்கூடிய வழி இதுவே: வேலியை அடியோடு வெட்டாமல், பயிர்ப்பக்கம் நீண்ட கிளைகளை மட்டும் கழிக்கலாம். ஒரே ஆண்டில் முழுவதையும் கழிக்காமல், இவ்வாண்டு ஒரு பாதியும் அடுத்த ஆண்டு மறுபாதியும் கழிக்கலாம். ஆளுக்கு ஆகும் செலவும் இரண்டாகப் பிரியும். வேலியில் வாழ்வனவற்றுக்கும் ஒதுங்க இடம் இருக்கும். வண்டிப் பாதைக்காக வாயில் விடும் இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு மரத்தை ஓங்க விட்டால், மேலே கிளைகள் கூடிக் கொள்ளும்.

பூச்சிமருந்து தெளிக்கையில் விசைத்தெளிப்பானை வேலிப்பக்கம் திருப்பாதிருத்தல் மற்றொன்று. வேலியிலுள்ள எறும்பையும் வண்டையும் கொன்றால், அவற்றை உண்பன பட்டினியாகும்; அல்லது நஞ்சுண்ட பூச்சியைத் தின்று மடியும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டர் நீருக்குக் கலந்து தெளிக்கும் முறையை நம்மவர் அறிவர்; காட்டோர வயல்களில் அதனை முதலிற் செய்து பார்த்தல் நலம். பன்றிக்கு அஞ்சி வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்ட விரோதம் என்பதோடு, மனிதரையும் கொல்லும் செயலாதலால் அதனைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை.

நிலமில்லாத அங்கத்தினரும், சின்னாளப்பட்டி முதலிய ஊர்களின் நெசவாளரும் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. தேவாங்கின் கண்ணீர் கண்ணோய்க்கு மருந்து என்றும், அதன் உறுப்புகள் வசியத்துக்கும் ஏவலுக்கும் உதவும் என்றும் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உள்ளது. இதில் உண்மை அணுவளவும் இல்லை. இருட்டிற் பார்ப்பதற்காக இயற்கை அதற்கு அளித்த பெருவிழிகளே அதற்குக் கேடாய் முடிந்தன. எவரேனும் கூடையில் வைத்துக் கொண்டு வந்து விலை கூறினால், இரக்கத்தால் வாங்கிக் காட்டில் விட்டுவிடுவோம் என்று எண்ணுவதும் தவறே. விற்றவன் மறுநாள் இன்னொன்றைப் பிடிக்கப் போவான். வனத்துறையினர்க்கு உடனே தெரிவித்தலே முறை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு இடம்பெற்றுள்ளது. அதனைப் பிடிப்பவர்க்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

நல்லெண்ணத்தால் நேரும் தீங்கு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தாய்த் தேவாங்கு இரை தேடப் போகையில் குட்டியை ஒரு கிளையிற் பற்றியிருக்க விட்டுவிட்டுச் செல்லும். விடியுமுன் திரும்பி வந்து எடுத்துக் கொள்ளும். ஆடு மேய்த்துத் திரும்பும் சிறுவர் தனித்திருக்கும் குட்டியைக் கண்டு, அநாதையென எண்ணி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டால், தாயையும் பிள்ளையையும் நிரந்தரமாகப் பிரித்தவராகின்றனர். கிளையிலிருக்கும் குட்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். (இதைப் படித்துவிட்டு நம் இளைஞர் சிலர் கைவிளக்கோடு புறப்படுவர் என்று அஞ்சுகிறோம், அது வேண்டா. ஆராய்ச்சியாளரே அதன் கண் கூசாதிருக்கச் சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்துகின்றனர்.)

காட்டோர ஊர்களிலுள்ள சங்கங்கள் இவ்வாண்டே ஒரு காரியம் தொடங்கலாம். கிளுவைப் போத்துக்கு விலை இல்லை. வேலி உள்ளவர் கழித்துத் தருவதே போதும். விரலினும் பருத்த, முற்றிய கிளைகளை இடுப்பளவு நீளத்துக்கு நறுக்கி, வெட்டுவாய் பால் உலரும்படி ஓரிரு நாள் நிழலில் வைத்திருந்து, புரட்டாசிக் கடைசியில் மழை பிடிக்குமுன் முழ ஆழத்தில் ஊன்ற வேண்டும். தனித்தனியே அவரவர் நிலத்தைச் சுற்றி நடுவதைவிட, அடுத்தடுத்த நிலத்தார் ஐந்தாறு பேர் கூடி, எங்கெங்கே வேலி அறுந்திருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, அவ்விடங்களை முதலில் நிரப்புவது நன்று. முதலிரண்டு ஆண்டு ஆடு கடிக்காமற் பார்த்துக் கொள்வதே இதில் கடினமான வேலை. அதற்கு வெட்டிய முள்ளை அடியில் அணைத்து வைத்தால் போதும்.