மாவு டப்பாவும் பெல்ஜியம் பீரும்: காட்டு ஈஸ்ட் எப்படி வேலை செய்யுது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

அண்ணனூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி ட்ரெயின் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஷெட்டுக்குப் போற வண்டி அது.

பீர் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஈஸ்ட் பாக்கெட்டே வாங்காம, காத்துல இருக்கிற கிருமியை வச்சே பெல்ஜியத்துல புளிப்பு பீர் பண்றாங்களாமே, நம்ம மொட்டை மாடியில பண்ண முடியுமா?"

சட்டத்தை முதல்ல சொல்லிடறேன். முடியாது. 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இன்னைக்கும் தமிழ்நாட்டுல அமல்ல இருக்கு. லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் தயாரிச்சா, அது குற்றம். "எனக்காக அஞ்சு லிட்டர்தானே" அப்படிங்கிற கணக்கு அங்க எடுபடாது.

ஆனா அந்த பீருக்குப் பின்னாடி இருக்கிற அறிவியல், இப்பவே உங்க வீட்டு கிச்சன்ல ஓடிட்டு இருக்கு. இட்லி மாவு டப்பாவைத் திறந்து பாருங்க.

மாவுல நடக்கிற ரிலே ரேஸ்

நம்ம யாரும் மாவுல ஈஸ்ட் போடுறதில்லை. ஆனாலும் காலையில பொங்கி நிக்குது. எப்படி? 1965-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. மாவைப் பொங்க வைக்கிறதுல முக்கியமான ஆள் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ்னு ஒரு பாக்டீரியா. அது வெளியில இருந்து வரலை. உளுந்து, அரிசியிலேயே ஒட்டிக்கிட்டு இருந்தது.

அது சர்க்கரையைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடையும் லாக்டிக் அமிலத்தையும் விடுது. வாயுவால மாவு பொங்குது, அமிலத்தால புளிக்குது. புளிப்பு ஏற ஏற, முதல்ல ஆடின ஆட்களுக்கே அந்த இடம் தாங்காது. அப்போ புளிப்பைத் தாங்குற பீடியோகாக்கஸ் மாதிரி ஆட்கள் உள்ள வர்றாங்க. அதனாலதான் முதல் நாள் மாவு இட்லிக்கு, மூணாவது நாள் மாவு ஊத்தப்பத்துக்கு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: ஒவ்வொரு கிருமியும் தான் இருக்கிற சூழலை மாத்திட்டு, அடுத்த ஆள் கையில பேட்டனைக் கொடுத்துட்டுப் போகுது.

பெல்ஜியத்துல அதே ரேஸ், மூணு வருஷம்

பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல லாம்பிக்னு ஒரு பீர். பார்லி மால்ட்டையும் கோதுமையையும் ஊற வச்சு எடுத்த இனிப்பு நீரைக் கொதிக்க வச்சு, அகலமான, ஆழமில்லாத தொட்டியில ராத்திரி முழுக்கத் திறந்தே ஆற விடுவாங்க. அப்புறம் மர பீப்பாய்க்கு மாத்துவாங்க. காத்துல இருந்தும் மரத்துல இருந்தும் கிருமிகள் வந்து சேரும்.

முதல் சில வாரம் குடல் பாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்த சில கிருமிகள். அப்புறம் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட், ஆல்கஹால்ல பெரும்பகுதி இதோட வேலை. அடுத்து மாசக்கணக்குல பீடியோகாக்கஸ். ஆமா, மாவுல பார்த்த அதே குடும்பம்தான். கடைசியில பிரெட்டனோமைசிஸ்னு இன்னொரு ஈஸ்ட், மத்தவங்களால தின்ன முடியாத சர்க்கரையை மெதுவா முடிச்சு வைக்கும். 1904-ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல கிளாசன் இதுக்குப் பேர் வச்சார். எல்லாம் சேர்த்து ஒண்ணுல இருந்து மூணு வருஷம் ஆகும்.

இதை அவங்க குளிர்காலத்துல மட்டும்தான் ஆரம்பிப்பாங்க. வெயில் காலத்துல தொட்டி மெதுவா ஆறும், கெடுக்கிற பாக்டீரியா முந்திக்கும். நம்ம ஊர்ல மே மாசம் நடுராத்திரியே எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதனால சட்டம் விட்டாலும், "மாடியில பாத்திரத்தைத் திறந்து வை" அப்படிங்கிற ஐடியா இங்க தேறாது.

ஒரு பூச்சு சுண்ணாம்பு

நமக்கும் சொந்தமா ஒரு லாம்பிக் இருந்தது: கள்ளு. பனம்பாளையில இருந்து சொட்டுற நீர்ல சர்க்கரை இருக்கு, பாளையிலயும் பானையிலயும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கு. சொட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நொதிக்கத் தொடங்கிடும். சாயங்காலம் கள்ளு, நாள் போனா காடி.

அதே பானையோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா? காரத்தன்மை ஏறும், கிருமிகளால வேலை செய்ய முடியாது. கிடைக்கிறது பதநீர். மரமும் ஆளும் அதேதான். ஒண்ணு ரோட்டோரத்துல விக்கிற பானம், இன்னொண்ணு 1987-ல இருந்து இங்க தடை. நடுவுல இருக்கிறது ஒரு பூச்சு சுண்ணாம்பு.

பெல்ஜியத்துக்காரங்க பீர்ல போடுற ஹாப்ஸும் இந்த வகைதான். சில பாக்டீரியாவை அடக்கி வைக்கும். உப்பு, குளிர், அமிலம், சுண்ணாம்பு, ஹாப்ஸ். கிருமியை யாரும் நேரடியா கன்ட்ரோல் பண்றதில்லை. சூழலை செட் பண்றோம், அதுக்கு ஏத்த கிருமி ஜெயிக்குது. பனையேறுறவங்களும் நம்ம அம்மாக்களும் மைக்ரோஸ்கோப் இல்லாமலே கண்டுபிடிச்சது இதுதான்.

விஷம் எங்க இருந்து வருது?

இன்னொரு கேள்வியும் வந்தது: "நொதிக்க வச்சா மெத்தனால் வந்து செத்துடுவோமா?" 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேல உயிர் போச்சு. அந்த பயம் நியாயமானது. ஆனா அந்த மெத்தனால் நொதித்தல்ல உருவானது கிடையாது. தொழிற்சாலைக்கான மெத்தனாலை மனுஷங்க சாராயத்துல கலந்தாங்க. தானியமோ பதநீரோ நொதிச்சா மெத்தனால் மிகச் சொற்பமாத்தான் உருவாகும். ஈஸ்ட் மேல பழி போட்டா, கலந்தவங்க தப்பிச்சுடுவாங்க.

இந்த வாரம் வீட்டுப்பாடம்

அரைச்ச மாவை, உப்பு போடுறதுக்கு முன்னாடி, மூணு டம்ளர்ல பாதி அளவுக்கு ஊத்துங்க. ஒண்ணு மேடையில, ஒண்ணு ஃபிரிட்ஜ்ல, இன்னொண்ணுல ரெண்டு ஸ்பூன் உப்பு கலந்து மேடையில. மாவு நிக்கிற உயரத்துல ரப்பர் பேண்ட் போடுங்க. காலையில எது எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்து, மோந்தும் பாருங்க. பூஞ்சை தெரிஞ்சா அப்படியே கொட்டிடுங்க, மேலோட்டமா வழிச்சு எடுக்கிற வேலை வேண்டாம்.

போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். அம்மா கேட்டா, ஆராய்ச்சின்னு சொல்லுங்க. டம்ளரை மட்டும் நீங்களே கழுவி வச்சிடுங்க.