கடல் கடந்தும் தாய்மொழி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையிலுள்ள கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூரில் குடியேறிய முஸ்லிம்கள், தம் பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடலாகாது என்று 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அந்நாட்டில் வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் சீனக் குழந்தைகளுக்கு, கதை, பாட்டு, விளையாட்டு வழியாகப் பள்ளிப் பாடத்துக்கு அப்பால் சீன மொழியை ஊட்டும் செறிவூட்டல் வகுப்புகள் இன்று அத்தகைய பணியையே ஆற்றுகின்றன. தமிழைப் போல எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத சீனத்தில், ஒலிப்பை உரோமன் எழுத்தால் குறிப்பதும் 1958-இல் சீனா ஏற்றுக்கொண்டதுமான 'பின்யின்' முறை துணைநின்றாலும், படக்கதைகளில் ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே குழந்தை அதனை மனத்தில் இருத்துகிறது. வகுப்பு எத்துணைச் சிறந்ததாயினும், பெற்றோர் நாள்தோறும் உரக்கப் படித்துக் காட்டுவதற்கு அது ஈடாகாது. தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.