காட்டுக்குள் 10 கி.மீ.!

இங்கிலாந்தில் இருக்கும் மகள், போன வருஷம் என்னை பிராக்னெல் ஊர் பக்கத்து ஸ்வின்லி வனத்துக்கு அழைத்துப் போனாள். ஒரே பைன் மரக்காடு. நடுவே மவுண்டன் பைக்குக்கென்றே சுற்றுப் பாதைகள். பச்சை சுலபம், நீலம் நடுத்தரம், சிவப்பு கஷ்டம். நீலப் பாதை சுமார் 10 கி.மீ. கிளம்பின இடத்துக்கே வந்து சேரும்.

"நீ பெஞ்சில உட்காரும்மா, பிளாஸ்க்கைப் பார்த்துக்கோ" என்றாள். சுருக்கென்றது எனக்கு. 1992-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில், தெருவே வேடிக்கை பார்க்க, முட்டியெல்லாம் சிராய்த்து சைக்கிள் பழகினவளாச்சே நான்! வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

"இறக்கத்தில சீட்டுல உட்காராதே. ரெண்டு பெடலையும் சமமா வெச்சு எழுந்து நில்லு. முன் பிரேக்கை மட்டும் அமுக்கினா குப்புறத் தள்ளிடும்" என்றாள் மகள். (அவளுக்குச் சைக்கிள் பழக்கும்போது நான் போட்ட அதே அதட்டல்!) மரவேர்களில் வண்டி குதித்தபோது உயிரே போய் வந்தது. இரண்டு மேட்டில் இறங்கித் தள்ளினேன், அதிலென்ன வெட்கம்?

முடித்தபோது முழங்கால் வரை சேறு. போனில் சொன்னதும், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றார் என்னவர். அடுத்த ஞாயிறும் போனோம்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.